ஒரு லிட்டர் தண்ணி... நாற்பது கிலோ ப்ரஷர்!

மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டில் விருத்தாசலம் பஸ்ஸுக்காகக் காத்திருக்கீங்க. சித்திரை வெயில். தொண்டை காயுது. பக்கத்துக் கடைக்குப் போறீங்க. வழக்கமா என்ன செய்வீங்க? ஜில்லுனு ஒண்ணு வாங்கி, மூடியைத் திருகி, மடமடன்னு குடிச்சிட்டு பஸ் ஏறிடுவீங்க. இன்னிக்கு மட்டும் ஒரே ஒரு நிமிஷம், அந்தக் கடைக்காரரோட ஃப்ரிட்ஜ் கண்ணாடி வழியா உள்ளே எட்டிப் பாருங்க. தண்ணி, கோலா, மாம்பழ ஜூஸ்... மூணுமே 'பெட்' பிளாஸ்டிக் பாட்டில்தான். ஆனா மூணும் ஒரே மாதிரியாவா இருக்கு?

கோலா பாட்டிலைத் தலைகீழா பிடிச்சு அடிப்பாகத்தைப் பாருங்க. பூ மாதிரி அஞ்சு இதழ், அஞ்சு கால். அழகுக்காக வெச்சது இல்லை பாஸ்! உள்ளே கரைஞ்சிருக்கிற கார்பன் டை ஆக்ஸைடு, சாதாரண அறை வெப்பத்திலேயே சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ அளவுக்குச் சுவரைத் தள்ளிக்கிட்டே இருக்கு. கார் டயர்ல இருக்கிற ப்ரஷரைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அடி தட்டையா இருந்தா வெளியே பிதுங்கிடும். பாட்டில் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி ஆடிக்கிட்டு நிக்கும்.

மாம்பழ ஜூஸ் பாட்டிலில் பக்கவாட்டில் கட்டம் கட்டமாக் குழிவுகள் தெரியுதா? அதில் நேர் எதிர் பிரச்னை. பல ஜூஸ்களை 85 டிகிரி சூட்டில் ஊத்தி மூடிடறாங்க. ஆறினதும் ஜூஸ் சுருங்கும். உள்ளே வெற்றிடம் உண்டாகும். பாட்டில் உள்பக்கமா இழுக்கப்படும். எங்கே பள்ளம் விழணும்னு முன்கூட்டியே தீர்மானிச்சு வெச்ச இடங்கள்தான் அந்தக் குழிவுகள்.

தண்ணி பாட்டில்? தாள் மாதிரி மெல்லிசு. அதனால சில கம்பெனிகள் மூடி போடுறதுக்கு முன்னாடி திரவ நைட்ரஜன் ஒரு சொட்டு விடுறாங்க. அது ஆவியாகி விரிஞ்சு பாட்டிலை விறைப்பா நிக்க வைக்கும். திறக்கும்போது சோடா இல்லாத தண்ணியிலும் லேசா 'புஸ்'னு கேக்குதே, அதுக்கு இது ஒரு காரணம்.

ஆக, பாட்டிலோட வடிவத்தைத் தீர்மானிக்கிறதுல உள்ளே இருக்கிற ப்ரஷருக்கு பெரிய பங்கு உண்டு. அதைவிட சுவாரஸ்யமானது, அந்த பாட்டில் பிறக்கும்போது வாங்குற ப்ரஷர். 'சரி, இதுக்கும் மந்தாரக்குப்பத்துக்கும் என்ன சம்பந்தம்?'னு கேக்கறீங்களா? இருக்கு. நீங்க நிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே தண்ணியோட ப்ரஷரை ராத்திரி பகலா அடக்கி வெச்சுக்கிட்டிருக்காங்க. கொஞ்சம் பொறுங்க, அங்கேயும் வருவோம்.

சோதனைக் குழாய் குழந்தை!

பாட்டில் பிறக்கும்போது பாட்டிலா இருக்காது. கெமிஸ்ட்ரி லேப்ல பார்க்கிற டெஸ்ட் ட்யூப் மாதிரி, தடிச்ச சுவரோட, கைக்குள் அடங்குற ஒரு குழாய். கழுத்தும் மூடி திருகுற மரையும் மட்டும் முழுசா ரெடியா இருக்கும். இதுக்குப் பேர் ப்ரீஃபார்ம். இதை அகச்சிவப்பு விளக்குகள் முன்னாடி ஓடவிட்டு 100 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக்குறாங்க. 'பெட்' உருகாது; ரப்பர் மாதிரி ஆகும். அப்படியே மோல்டுக்குள்ளே வெச்சு, ஒரு கம்பியால நீளவாக்கில் இழுத்து, உள்ளே காத்தை ஊதுறாங்க. முதலில் 6 முதல் 10 கிலோ வரை. அப்புறம் ஒரே தம்... 40 கிலோ வரைக்கும்! (பட்டறையில் 'கிலோ'ன்னு சொன்னா சதுர சென்டிமீட்டருக்கு அத்தனை கிலோன்னு அர்த்தம்.) குழாய் விரிஞ்சு குளிர்ந்த மோல்டு சுவரில் அறைஞ்சு, அந்த வடிவத்திலேயே உறைஞ்சிடும். எல்லாமே சில நொடிகளில்.

ஏன் ரெண்டு கட்டமா ஊதணும்? பலூன் ஊதிப் பார்த்திருப்பீங்களே... முதல் மூச்சு கஷ்டம், நடுவில் சுலபம், கடைசியில் மறுபடியும் இறுகும். 'பெட்'டும் அப்படித்தான். நீண்ட இடம் வலுவாகும். உடனே நீளாத பக்கத்து இடம் நீள ஆரம்பிக்கும். பொறுமையா ஊதினா சுவர் தானே சமமாகும். எடுத்த எடுப்பிலேயே 40 கிலோ விட்டா ஒரு பக்கம் மெலிஞ்சு கிழிஞ்சிடும். கடைசி 40 கிலோ எதுக்குன்னா, மோல்டின் மூலைமுடுக்கு வரியெல்லாம் பிளாஸ்டிக்கில் அச்சாகப் பதியணும் இல்லையா, அதுக்கு.

ஒரு குட்டிக் கணக்கு போடலாமா? ஒரு லிட்டர் பாட்டில் சுமார் 27 சென்டிமீட்டர் உயரம், 8 சென்டிமீட்டர் அகலம். பெருக்கினா 216 சதுர சென்டிமீட்டர். அதை 40 கிலோவால் பெருக்குங்க. 8,640 கிலோ! மோல்டின் ரெண்டு பாதியையும் பிளக்கப் பார்க்கிற விசை இது. எட்டரை டன்னுக்கு மேல். ஆளில்லாத ஒரு பஸ்ஸோட எடைக்குப் பக்கத்தில்.

இந்த 'பெட்' பாட்டிலைக் கண்டுபிடிச்சவர் நாதானியல் வயெத். அமெரிக்காவின் டுபாண்ட் கம்பெனியில் இன்ஜினீயர். குடும்பமே ஓவியக் குடும்பம். தம்பி ஆண்ட்ரூ வயெத் உலகப் புகழ் ஓவியர். இவர் மட்டும் பிளாஸ்டிக் பக்கம் வந்துட்டார். பிளாஸ்டிக் பாட்டில் சோடாவைத் தாங்குமான்னு பார்க்க, காலி டிடர்ஜென்ட் பாட்டிலில் ஜிஞ்சர் ஏலை ஊத்தி ஃப்ரிட்ஜில் வெச்சாராம். காலையில் பார்த்தா பாட்டில் உப்பி, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே மாட்டிக்கிச்சு! விடாம முயற்சி பண்ணி 1973-ல் பேட்டன்ட் வாங்கினார். இழைகளை ரெண்டு திசையிலும் இழுத்தாதான் வலுன்னு பிடிச்சதுதான் அவரோட வெற்றி.

காத்து எதுக்கு... தண்ணியே போதுமே?

இப்ப யோசிங்க. ஒரு லிட்டர் பாட்டிலை 40 கிலோவில் ஊத, சாதாரணக் காத்து சுமார் 40 லிட்டரை கம்ப்ரஸர் நசுக்கி அனுப்பணும். பாட்டில் ஆனதும் அந்தக் காத்தை 'புஸ்ஸ்'னு வெளியே விடணும். (நல்ல மெஷின்னா அதில் ஒரு பங்கைப் பிடிச்சு மறுபடி உபயோகிக்கும்.) கம்ப்ரஸருக்கு கரன்ட் பில் எகிறும். அப்புறம் காலி பாட்டில் இன்னொரு மெஷினுக்குப் போய் தண்ணி பிடிக்கணும்.

'எப்படியும் உள்ளே தண்ணிதானே போகப் போகுது? அந்தத் தண்ணியாலேயே பாட்டிலை ஊதிட்டா?'

சிம்பிளான கேள்வி. இதைக் கையில் எடுத்தவங்க உண்டு. 2010-களில் ஆம்கோர், சிடெல் ரெண்டு கம்பெனியும் சேர்ந்து 'லிக்விஃபார்ம்'னு ஒரு முறையைக் கொண்டு வந்தாங்க. சூடான ப்ரீஃபார்ம் மோல்டில் இருக்கும். வாயில் ஒரு நாஸில் வந்து இறுக்கமா உட்காரும். பிஸ்டன் தள்ளும். தண்ணியோ, சோப்பு திரவமோ, எதை விக்கிறாங்களோ அதுவே உள்ளே பாய்ஞ்சு பாட்டிலை விரிக்கும். பாட்டில் செய்றதும் நிரப்புறதும் ஒரே வேலை! 'ஒரே கல்லில் ரெண்டு மாங்கா'ன்னு இதைத்தான் சொல்லணும்.

கேட்க சுலபமா இருக்கில்ல? இங்கேதான் தண்ணி தன் குணத்தைக் காட்டும்.

மெடிக்கல் ஷாப்பில் ஒரு சிரிஞ்ச் வாங்குங்க, ஊசி வேண்டாம். காத்தை இழுத்துக்கிட்டு, முனையைக் கட்டைவிரலால் அடைச்சு அமுக்குங்க. பாதி வரைக்கும் போகும். விட்டா திரும்பி வரும். ஸ்பிரிங் மாதிரி. இப்ப அதே சிரிஞ்சில் துளி காத்துகூட இல்லாம தண்ணியை நிரப்பி அமுக்குங்க. அசையுதா? சுவரைத் தள்ளுற மாதிரி இருக்கும்.

இதை எண்ணில் சொன்னா இன்னும் ஆச்சரியம். ஒரு லிட்டர் தண்ணியை 40 கிலோ ப்ரஷருக்குக் கொண்டுபோனா அது சுருங்குறது 2 மில்லிகூட இல்லை. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க... மோல்டு முழுக்க நிரம்பின பிறகு, பிஸ்டன் இன்னும் 2 மில்லியை உள்ளே தள்ளிட்டா ப்ரஷர் பூஜ்யத்திலிருந்து 40 கிலோவைத் தாண்டிடும்! அரை டீஸ்பூன்கூட இல்லை சார். காத்தில் இந்த 2 மில்லிக்கு ஒரு மரியாதையும் கிடையாது. (நிஜ மெஷினில் குழாய், சீல் எல்லாம் கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். ஆனாலும் கதை மாறாது.)

இதோட இன்னொரு தொல்லை, வேகம். தண்ணி பட்டதும் ப்ரீஃபார்ம் ஆற ஆரம்பிச்சிடும். ஆறிட்டா நீளாது. அதனால ஒரு லிட்டரும் நொடியின் சின்னப் பங்குக்குள்ளே பாய்ஞ்சாகணும். அவ்வளவு வேகமா வர்ற தண்ணி, பாட்டில் மோல்டைத் தொட்ட அந்த கணத்தில் சட்டுனு நின்னா?

ஹாஸ்டலில் குழாயைப் படக்குனு மூடினா சுவருக்குள்ளே 'டொம்'முனு ஒரு சத்தம் கேக்கும், கவனிச்சிருக்கீங்களா? அதே சமாச்சாரம். ஓடுற தண்ணியை திடீர்னு நிறுத்தினா அதோட வேகம் மொத்தமும் ப்ரஷரா மாறும். 1890-களின் கடைசியில் மாஸ்கோ குடிநீர்க் குழாய்களில் இதை அளந்து கணக்குப் போட்டவர் ஜுகோவ்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வர்ற தண்ணி, கெட்டியான இரும்புக் குழாயில் சட்டுனு நின்னா, 13 கிலோ அளவுக்கு ப்ரஷர் எகிறும். ஒரே ஒரு மீட்டர் வேகத்துக்கு!

ஆக, முடிவு நேரத்து ப்ரஷரை அடக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் இந்தத் தொழில். எப்படி அடக்குறாங்க?

முதல் வேலை, நாஸிலில் இருக்கிற காத்துக் குமிழியை வெளியேத்துறது. குமிழி மாட்டிக்கிட்டா அது ஸ்பிரிங் மாதிரி வேலை செஞ்சு ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒவ்வொரு ப்ரஷர் காட்டும். அடுத்து, விரியும்போது ப்ரஷர் குறைவு, ஓட்டம் அதிகம். மோல்டைத் தொடப்போற நேரத்தில் செர்வோ மோட்டார் பிஸ்டனின் வேகத்தை இறக்கணும். தொட்டதும் ஒரு குறிப்பிட்ட உச்சம் வரைக்கும் ஏத்தி, பிளாஸ்டிக் உறையுற வரை பிடிச்சு வெக்கணும். கடைசியா, நாஸிலைத் தூக்குறதுக்கு முன்னாடி ப்ரஷரை இறக்கணும். இல்லைன்னா ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் ஃபவுன்டன்தான்!

பிஸ்டனை எப்ப நிறுத்துறது என்பதில் ஒரு அருமையான முடிச்சு இருக்கு. 'ஒரு லிட்டர் தள்ளியாச்சா, நிறுத்து'ன்னு அளவை வெச்சு நிறுத்தலாம். இல்லை, 'இவ்வளவு ப்ரஷர் வந்தாச்சா, நிறுத்து'ன்னும் செய்யலாம். எது சரி? ப்ரீஃபார்ம் ஒண்ணு ஒரு கிராம் எடை கூடுதலா வந்துடுச்சுன்னு வெச்சுக்குங்க. 'பெட்'டின் அடர்த்தி 1.38. ஒரு கிராம் பிளாஸ்டிக் உள்ளே பிடிக்கிற இடம் முக்கால் மில்லிக்கும் கொஞ்சம் குறைவு. அதே ஒரு லிட்டரை இப்பவும் தள்ளினா ப்ரஷர் 16 கிலோ வரை கூடுதலா ஏறிடும்! ப்ரஷரை வெச்சு நிறுத்தினா? தண்ணி முக்கால் மில்லி குறையும், அவ்வளவுதான். எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ம் வருஷத்து விதிகள் ஒரு லிட்டர் பாட்டிலில் 15 மில்லி வரை பிழையை அனுமதிக்குது. என்னைக் கேட்டா, அளவு பிழைக்கு மன்னிப்பு உண்டு, ப்ரஷர் பிழைக்கு இல்லை. ஆகவே ப்ரஷரை நம்பறதுதான் புத்திசாலித்தனம்.

சந்தேகம் ஒண்ணு வரணுமே உங்களுக்கு? பாட்டில் விளிம்பு வரை தண்ணி நிறைஞ்சிருக்கு. கடையில் வாங்குற பாட்டிலில் கழுத்துக்குக் கீழே கொஞ்சம் காலி இருக்குமே, அது எங்கே? நீளவாக்கில் இழுத்த கம்பி ஞாபகம் இருக்கா? அது தண்ணிக்குள்ளேதான் நிக்குது. அதை வெளியே இழுத்தா அது அடைச்சிருந்த இடம் அளவுக்குத் தண்ணி கீழே இறங்கும். கம்பியோட பருமனைத் தேர்ந்தெடுத்தே காலி இடத்தை அளந்துடலாம். ஆர்க்கிமிடீஸ் பார்த்தா சிரிச்சிருப்பார்.

காத்து கொல்லும், தண்ணி நனைக்கும்

இவ்வளவு முரண்டு பிடிக்கிற தண்ணியை ஏன் கட்டி அழணும்? ஒரு காரணம் கரன்ட். எனக்குப் பெரிசாப் படுறது இன்னொண்ணு.

40 கிலோ ப்ரஷரில் ஒரு லிட்டர் காத்து அடைபட்டிருந்தா, அது வெடிக்கும்போது வெளிவரக் கூடிய சக்தி சுமார் 10,000 ஜூல். 60 கிலோ ஆளை அஞ்சாவது மாடிக்குத் தூக்கிப் போடுற சக்தி. அதே ப்ரஷரில் ஒரு லிட்டர் தண்ணி? நாலு ஜூல்கூட இல்லை. ஒரு லிட்டர் பாட்டிலைத் தரையிலிருந்து ஒண்ணேகால் அடி தூக்குற வேலை. சுருங்காத பொருளில் சக்தி சேராது. அமுக்கும்போது விட்டுக் கொடுக்காத தண்ணி, உடையும்போது சும்மா சிந்திட்டு நிக்கும்.

நெய்வேலிக்காரங்களுக்கு இது புதுசு இல்லை. உங்க வீட்டில் யாராவது தெர்மலில் வேலை பார்த்தா 'ஹைட்ரோ டெஸ்ட்'னு சொல்லக் கேட்டிருப்பீங்க. பாய்லர் ட்யூப்பைச் சரிபண்ணினதும், வேலை நேரத்து ப்ரஷரைவிட அதிகமா ஏத்திச் சோதிப்பாங்க, காத்தால் இல்லை, தண்ணியால். வெல்டிங் விட்டுப்போச்சுன்னா தண்ணி பீறிடும். ஆள் வீட்டுக்குத் திரும்பி வருவார்.

தமிழ்நாட்டில் சின்னச் சின்ன ஷெட்டுகளில் பாட்டில் ஊதுற செமி ஆட்டோமேட்டிக் மெஷின்கள் ஓடுது. ப்ரீஃபார்மைக் கையால் எடுத்து, மோல்டில் வெச்சு, கதவை மூடி, பட்டனை அமுக்கணும். அங்கே நிக்கிற பையனுக்கு உங்க வயசுதான் இருக்கும். 'நூறு பாட்டில் கூட ஓட்டலாம்'னு அவசரத்தில் கதவு சுவிட்சைக் கம்பி வெச்சுக் கட்டிட்டா, அந்தப் பத்தாயிரம் ஜூலுக்கும் அவனுக்கும் நடுவில் ஒண்ணும் இல்லை. படிச்ச நமக்குத் தெரிஞ்ச இந்தக் கணக்கை அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

காலடியில் எட்டு கிலோ

'தண்ணி வெடிச்சா நனைக்கத்தான் செய்யும்'னு சொன்னேன் இல்லையா? அதுக்கு ஒரு விதிவிலக்கு. அது உங்க ஊரில்தான் இருக்கு!

1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டார். தண்ணியோட கருப்பா ஒரு பொருள் வந்துச்சு. பழுப்பு நிலக்கரி. 1956-ல் கம்பெனி, 1957-ல் தோண்டும் வேலை, 1961-ல் நிலக்கரி தட்டுப்பட்டது... இதெல்லாம் நீங்க பள்ளிக்கூடத்திலேயே படிச்சிருப்பீங்க. அந்தப் படுகைக்குக் கீழே என்ன இருக்குங்கறதுதான் விஷயம். அங்கே மணற்பாறைக்குள் அடைபட்ட நிலத்தடி நீர். அது மேல்நோக்கித் தள்ளுற ப்ரஷர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. கோலா பாட்டிலைப் போல ஒன்றரை முதல் ரெண்டு மடங்கு!

மேலே 70 மீட்டர் மண் இருக்குன்னு வெச்சுக்குங்க. மண் மட்டுமே சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 14 கிலோ கீழே அமுக்கும். பிரச்னை இல்லை. ராட்சத மெஷின்கள் மண்ணை வழிச்சு எடுத்தாச்சு. 15 மீட்டர் நிலக்கரி மட்டும் மிச்சம்னா அது அமுக்குறது 2 கிலோகூட வராது. கீழிருந்து 6 முதல் 8. யார் ஜெயிப்பாங்க? சுரங்கத்தின் தரை பொங்கி உடையும். பாட்டில் மோல்டில் பிஸ்டன் நின்னா தண்ணியும் நின்னுடும். பின்னாடி சப்ளை கிடையாது. இங்கே பின்னாடி இருக்கிறது பல கிலோமீட்டர் பரந்த நீர்த்தேக்கம். ஓட்டை விழுந்தா நிக்காது.

அதனால்தான் சுரங்கம் போற பாதையில் முன்கூட்டியே குழாய்க் கிணறுகள் போட்டு, பம்ப்பால் தண்ணியை எடுத்து ப்ரஷரை இறக்கிக்கிட்டே இருக்காங்க. ராத்திரி பகல், மழை வெயில் கிடையாது. நிறுத்த முடியாத பிஸ்டன்னு சொல்லலாம். இதுக்கு ஒரு விலையும் இருக்கு. ஒரு காலத்தில் மோட்டாரே இல்லாம தானாப் பொங்கின தண்ணி, இப்ப ஆழத்துக்குப் போயிடுச்சுங்கறது சுற்றுவட்டார விவசாயிகளின் பல வருஷத்து முறையீடு. அந்த ஊர்களின் வீடுகளுக்கும் இப்ப தண்ணி கேன் வருது.

சரி, திரவத்தால் பாட்டில் ஊதுற முறை ஏன் எல்லா இடத்துக்கும் வரலை? ஒரு ப்ரீஃபார்ம் கிழிஞ்சா மோல்டு முழுக்க ஈரம். துடைச்சு சுத்தம் பண்ற வரை லைன் நிக்கும். பக்கத்திலேயே சூடான மின் விளக்குகள். சோடா வகைகள் நுரைச்சுக்கிட்டு அடங்காது. அதனால இன்னிக்கும் கடையில் நீங்க வாங்குற பாட்டில்களில் பெரும்பாலானவை காத்தால் ஊதினவைதான். தீர்க்கப்படாத பிரச்னைகள் இருக்கிற இடத்தில்தானே புது ஆளுக்கு வேலை இருக்கும்!

இந்தப் பக்கம் வர ஆசையா? சென்னை கிண்டியில் சிப்பெட் இருக்கு. 1968-ல் ஆரம்பிச்ச மத்திய அரசு நிறுவனம். பத்தாவது முடிச்சவங்களுக்கு பிளாஸ்டிக் தொழில்நுட்பத்திலும் மோல்டு தயாரிப்பிலும் 3 வருஷ டிப்ளமா, பி.எஸ்சி. முடிச்சவங்களுக்கு 2 வருஷ முதுநிலை டிப்ளமா. மெக்கானிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கிறவங்களுக்கு மேலே சொன்ன பிஸ்டன் கணக்கு அருமையான ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். சிரிஞ்ச், ப்ரஷர் சென்ஸார், சின்ன செர்வோ இருந்தா லேப்லயே பண்ணலாம்.

அடுத்த முறை காலேஜில் பாட்டில் ஃபேக்டரிக்கு ஐ.வி. கூட்டிட்டுப் போனா, ஃப்ரீயா கிடைக்கிற ஜூஸைக் குடிச்சிட்டு குரூப் போட்டோவோட திரும்பிடாதீங்க. மெஷின் பக்கத்தில் நிக்கிற ஆபரேட்டர் அண்ணன்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. 'ப்ரஷர் கேஜைக் கடைசியா எப்ப சரிபார்த்தீங்க? ரிலீஃப் வால்வு எத்தனை கிலோவில் திறக்கும்? இந்தக் கதவு திறந்திருந்தா மெஷின் ஓடுமா, ஓடாதா?'